கண் பிதுங்கல், கழுத்து வீக்கம், படபடப்பு... லெனின் மனைவிக்கு வந்த தைராய்டு நோய்! ஸ்கேன் இல்லாத காலத்தில் கண்டுபிடித்தது எப்படி? இன்று எந்த ஸ்கேன் எடுப்பார்கள்?

1913-ம் ஆண்டு மே மாதம். போலந்தின் மலையடிவாரத்தில் இருக்கும் போரோனின் என்ற கிராமத்திலிருந்து சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் லெனின். ஆனா அதில் புரட்சி பற்றிய பேச்சு முக்கியமில்லை. மனைவிக்கு மூன்று வாரமாக மின்சார சிகிச்சை கொடுத்தும் துளியும் பலன் இல்லை, கண்கள் பிதுங்கியபடியே இருக்கின்றன, கழுத்து வீங்கியே இருக்கிறது, படபடப்பும் குறையவில்லை என்று எழுதியிருந்தார். பெர்னில் கோஹர் என்று ஒரு அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிறாராமே, அவரைப் பற்றி விசாரித்துச் சொல்லுங்கள் என்று அங்கிருந்த கட்சித் தோழரிடம் கேட்டிருந்தார்.

பிள்ளைக்கு லெனின் என்று பேர் வைக்கிற ஊர் நம்மளோடது. ஆனா லெனினோட மனைவி பேர் என்னன்னு கேட்டா பலருக்கும் சட்டுனு வராது. நதெஷ்தா குரூப்ஸ்கயா. அவருக்கு வந்தது தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யும் நோய். இன்றைக்கு நம்ம தெருவிலேயே நாலு பேருக்கு இருக்கக்கூடிய அதே தைராய்டு பிரச்னையின் ஒரு வகை.

யார் இந்த குரூப்ஸ்கயா?

1869 பிப்ரவரி 26-ம் தேதி ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. வேலை பறிபோய், வழக்கு வழக்கு என்று அலைந்து, 1883-ல் இறந்துபோனார். அப்போ குரூப்ஸ்கயாவுக்கு வயது 14. அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத்தான் குடும்பத்தை ஓட்டினார்கள்.

1891-லிருந்து ஐந்து வருஷம், பகலெல்லாம் ஆலையில் வேலை பார்த்துவிட்டு வரும் தொழிலாளர்களுக்கு மாலை நேரப் பள்ளியில் சம்பளம் இல்லாமல் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். லெனினைச் சந்தித்தது 1894-ல். 1896-ல் கைது. லெனின் சைபீரியாவில் ஷுஷென்ஸ்கோயே கிராமத்துக்கு நாடு கடத்தப்பட்டிருந்தார். அவருடன் இருக்க வேண்டுமானால் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டது. 1898-ல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சைபீரியா போனார். அந்த வருஷம் ஜூலையில் கல்யாணம். மோதிரம்கூட செப்புக் காசில் செய்ததுதான்.

அதற்கப்புறம் மியூனிக், லண்டன், ஜெனீவா, பாரிஸ், கிராகோவ் என்று ஊர் ஊராக அலைச்சல். வரலாற்றுப் புத்தகங்களில் லெனின் மனைவி என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. கட்சியின் 'இஸ்க்ரா' பத்திரிகைக்குச் செயலாளர் அவர்தான். ரஷ்யாவுக்குள் மறைந்து வேலை செய்த தோழர்களுடன் நடந்த ரகசியக் கடிதப் போக்குவரத்து முழுக்க அவர் கையில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதப்பட்டு வரும் கடிதங்களை நெருப்பில் காட்டிப் படிப்பார். அவர் அறையில் எப்போதும் காகிதம் கருகிய வாசனை அடித்ததாக அவரைப் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு நாளைக்கு எத்தனையோ கடிதங்களைச் சங்கேதமாக மாற்றி எழுதியவருக்குத்தான், 40 வயதைத் தாண்டிய பிறகு கை நடுங்கவும் நெஞ்சு அடித்துக்கொள்ளவும் ஆரம்பித்தது.

நரம்புத் தளர்ச்சியா, தைராய்டா?

மின்சார சிகிச்சை என்றதும் என்னடா இது என்று தோணலாம். அந்தக் காலத்து டாக்டர்களைக் குறை சொல்லவும் முடியாது. படபடப்பு, நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் ஒன்றாக வந்தால் அதை நரம்பு நோய் என்று பார்க்கும் பழக்கம் இருந்தது. நரம்பு நோய்க்கு மின்சாரம் கொடுப்பது அப்போ சாதாரண வைத்தியம். மலைக்காற்று நல்லது என்றும் சொன்னார்கள். போரோனினில் வீடு எடுத்ததே அதற்காகத்தான்.

ஆனா நோயின் பெயர் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1835-ல் அயர்லாந்தின் டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற டாக்டரும், 1840-ல் ஜெர்மனியின் மெர்ஸபர்க்கில் கார்ல் ஃபான் பாஸெடோ என்ற டாக்டரும் தனித்தனியாக இந்த நோயை எழுதி வைத்திருந்தார்கள். அதனால் இங்கிலாந்து பக்கம் கிரேவ்ஸ் நோய், ஐரோப்பாவில் பாஸெடோ நோய். கண் பிதுங்கல், கழுத்து வீக்கம், வேகமான இதயத் துடிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் இதுதான் என்று பாஸெடோ சொல்லியிருந்தார். லெனின் கடிதத்தில் இருந்ததும் அதே மூன்றுதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்கு எவ்வளவு சுரக்கணும் என்று உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அந்த உத்தரவின் பெயர்தான் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பார்க்கிற டிஎஸ்எச். கிரேவ்ஸ் நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஒரு போலிச் சாவியை உண்டாக்கிவிடுகிறது. அந்த எதிர்ப்புப் புரதம் தைராய்டின் பூட்டில் போய் மாட்டிக்கொண்டு, சுரந்துக்கிட்டே இரு என்று தூண்டுகிறது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் தசையும் கொழுப்பும் வீங்குவதால் கண் முன்னே தள்ளிக்கொண்டு வருகிறது.

இது 1913-ல் யாருக்கும் தெரியாது. சுரப்பி பெரிதாகிவிட்டது, அதில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் நோய் அடங்குகிறது. அதுவரைக்கும்தான் தெரியும்.

கோஹரிடம் போன கதை

எமில் தியோடர் கோஹர் சாதாரண டாக்டர் இல்லை. தைராய்டு ஆராய்ச்சிக்காக 1909-ல் நோபல் பரிசு வாங்கியவர். ஒரு காலத்தில் தைராய்டு ஆபரேஷன் என்றாலே ரத்தப்போக்கிலும் கிருமித் தொற்றிலும் நோயாளி இறந்துபோவது சகஜம். வாழ்நாளில் 5,000-க்கும் மேற்பட்ட தைராய்டு ஆபரேஷன்கள் செய்து, அந்த இறப்பு விகிதத்தை 1 சதவிகிதத்துக்கும் கீழே கொண்டுவந்தவர் கோஹர். சுரப்பியை மொத்தமாக எடுத்துவிட்டால் நோயாளி மந்தமாகி, உடல் ஊதி, வேறொரு நோயில் விழுகிறார் என்பதை 1883-லேயே வெளிப்படையாகச் சொன்னதும் அவர்தான். தன் ஆபரேஷனால் வந்த கெடுதலைத் தானே எழுதி வெளியிட்டார் என்பது நோபல் பரிசைவிடப் பெரிய விஷயம் என்றுகூடச் சொல்லலாம்.

அவ்வளவு பெரிய டாக்டரைப் பார்க்கப் பணம் வேணுமே. தனக்கு வரவேண்டிய பணத்தைச் சீக்கிரம் அனுப்பும்படி லெனின் 'பிராவ்தா' பத்திரிகைக்கு எழுதினார். ஜூன் கடைசியில் இருவரும் பெர்னுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போனவுடன் ஆபரேஷன் நடக்கவில்லை. கோஹருக்கு உலகம் பூராவும் நோயாளிகள். காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் லெனின் மருத்துவப் புத்தகங்களை வாங்கி வந்து தைராய்டு பற்றிப் படித்தார். இன்னொரு பக்கம் ஜூரிச், ஜெனீவா, லொசான் என்று போய்க் கூட்டங்களிலும் பேசினார். இன்றைக்கு மனைவியை அட்மிட் பண்ணிவிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து கூகுளில் தேடும் கணவர்களுக்கு இந்தக் காட்சி புரியும்.

1913 ஜூலை 23, புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். மயக்க மருந்து கொடுக்கவில்லை. தைராய்டு முற்றியவர்களுக்குப் பொது மயக்கம் ஆபத்து என்பதால், இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுப்பதுதான் கோஹரின் வழக்கம். குரூப்ஸ்கயா தாங்கிக்கொண்டார். மறுநாள் கடும் காய்ச்சல், பிதற்றல். லெனின் பயந்துபோனார் என்பது அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதத்திலேயே தெரிகிறது. அதற்கடுத்த நாள்தான் நிலைமை தேறியது.

மலைப்பகுதியில் இன்னும் சில நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பது கோஹரின் யோசனை. கேட்கவில்லை. கட்சி வேலை கிடக்கிறது என்று ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே போரோனினுக்குத் திரும்பிவிட்டார்கள்.

நோயும் திரும்பியது. 1915 மார்ச்சில் அம்மா இறந்த பிறகு அறிகுறிகள் மறுபடி தலைகாட்டின. டாக்டர்கள் மலைக்குப் போகச் சொல்ல, சுவிட்சர்லாந்தின் ஸோரென்பெர்க் கிராமத்தில் போய்த் தங்கினார்கள். இதில் கோஹரின் கைக்குறை எதுவும் இருக்க வேண்டியதில்லை. சுரப்பியில் கொஞ்சம் மிச்சம் வைத்தால், தூண்டுகிற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருக்கும்வரை அந்த மிச்சம் மறுபடி ஆட்டம் போட வாய்ப்பு உண்டு.

இன்று குரூப்ஸ்கயா ஆஸ்பத்திரிக்கு வந்தால் எந்த ஸ்கேன்?

பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். அநேகமாக எந்த ஸ்கேனும் தேவைப்படாது!

முதலில் ரத்தப் பரிசோதனை. டிஎஸ்எச் அடிமட்டத்தில், டி3, டி4 உச்சத்தில் இருந்தால் ஹார்மோன் அதிகம் என்பது உறுதி. கூடவே கண் பிதுங்கல், கழுத்து இரண்டு பக்கமும் சமமாக வீங்கியிருப்பது ஆகியவை இருந்தால் அது கிரேவ்ஸ் நோய்தான் என்று டாக்டர் பார்த்தே சொல்லிவிடலாம். சந்தேகம் இருந்தால் அந்தப் போலிச் சாவியையே ரத்தத்தில் தேடும் பரிசோதனை இருக்கிறது. டிஆர்ஏபி என்று எழுதித் தருவார்கள். அது பாசிட்டிவ் என்றால் விஷயம் முடிந்தது.

அப்போ ஸ்கேன் எப்போ? அதிகமாக இருக்கிறது என்று தெரிகிறது, ஆனா ஏன் அதிகம் என்று தெரியவில்லை என்கிற நேரத்தில்தான்.

வீட்டு மொட்டை மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடி முழுக்கத் தண்ணீர். மோட்டாரை நிறுத்தாததால் டேங்க் நிரம்பி வழியுதா? இல்ல, டேங்க் விரிசல் விட்டு இருந்த தண்ணீர் வெளியே கொட்டுதா? ஈரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ரத்தப் பரிசோதனை காட்டுவது அந்த ஈரத்தை. கிரேவ்ஸ் நோயில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. தைராய்டு அழற்சியில் மோட்டாருக்கு ஒன்றும் இல்லை, விரிசல் விட்ட டேங்கிலிருந்து சேமித்து வைத்த ஹார்மோன் கசிகிறது. மோட்டாரை நிறுத்தும் மாத்திரையை அழற்சிக்காரருக்குக் கொடுத்து என்ன பிரயோஜனம்? பக்கவிளைவு மட்டும்தான் மிச்சம். சில வாரத்தில் தானாக வடிந்து, பிறகு தைராய்டு குறைவாகச் சுரக்கும் கட்டத்துக்குக்கூட அவர் போகலாம்.

மோட்டார் ஓடுதா என்று பார்ப்பதுதான் நியூக்ளியர் மெடிசின் ஸ்கேன். தைராய்டு ஹார்மோன் தயாரிக்க அயோடின் வேணும். அதனால் மிகச் சிறிய அளவில் கதிரியக்க அயோடினையோ, அயோடின் மாதிரியே சுரப்பி உள்ளே இழுத்துக்கொள்ளும் டெக்னீசியத்தையோ உடம்புக்குள் அனுப்புவார்கள். டெக்னீசியம் என்றால் கையில் ஒரு ஊசி, சுமார் 20 நிமிடம் கழித்து கேமரா முன்னால் படுத்தால் போதும். அதன் கதிரியக்கம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். சுரப்பி முழுக்கப் பளிச்சென்று தெரிந்தால் கிரேவ்ஸ். ஒரே ஒரு இடம் மட்டும் பளிச்சென்று, மற்ற இடம் மங்கலாக இருந்தால் ஒரு கட்டி மட்டும் தனி ஆவர்த்தனம் செய்கிறது. கழுத்தில் ஒன்றுமே தெரியாத அளவுக்கு மங்கல் என்றால் அழற்சி.

அல்ட்ராசவுண்ட் எடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. அது சுரப்பியின் வடிவத்தைக் காட்டும், கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது என்று அளந்து சொல்லும். ஆனா எந்தக் கட்டி ஹார்மோனைக் கொட்டுகிறது என்று சொல்லாது. டிஎஸ்எச் குறைவாக இருந்து கழுத்தில் கட்டியும் இருந்தால் நியூக்ளியர் ஸ்கேனுக்கு முன்னுரிமை கொடுப்பது இதனால்தான். பளிச்சென்று தெரியும் கட்டி புற்றுநோயாக இருப்பது அரிது. பல நேரம் ஊசி குத்திச் சதை எடுக்கும் பரிசோதனையே தேவைப்படாமல் போய்விடும்.

கர்ப்பிணிகள் கதை வேறு. அவர்களுக்கு நியூக்ளியர் ஸ்கேன் கூடவே கூடாது. பால் கொடுக்கும் அம்மாக்களுக்கும் முடிந்தவரை தவிர்ப்பார்கள். பிரசவமாகி சில மாதத்தில் படபடப்போடு வரும் பெண்ணுக்குத்தான் இந்தக் குழப்பம் அதிகம் என்பது இதில் உள்ள சங்கடம். அந்த நேரத்தில் தைராய்டு அழற்சியும் வரலாம், கிரேவ்ஸும் வரலாம். அவர்களுக்கு டிஆர்ஏபி ரத்தப் பரிசோதனையும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்டும் கைகொடுக்கும். கிரேவ்ஸ் என்றால் சுரப்பிக்குள் ரத்தம் பாய்ந்து ஓடும், அழற்சியில் ஓட்டம் குறைவு.

சிடி ஸ்கேனில்தான் கவனம் வேணும். பெரிய ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நினைப்பு நம்மிடம் உண்டு. கழுத்து வீக்கம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி மூச்சுக்குழாயை அழுத்துகிறதா என்று பார்க்க சிடி உதவும். ஆனா சிடிக்குப் போடும் கான்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் ஏராளம். அதைப் போட்டுவிட்டால் சுரப்பி அந்த அயோடினில் நிறைந்துபோய், அடுத்த பல வாரங்களுக்கு நியூக்ளியர் ஸ்கேன் எடுத்தாலும் சரியாகத் தெரியாது. சிலருக்கு நோயே முற்றிவிடவும் கூடும். எனவே வேறு காரணத்துக்கு சிடி எடுக்கப் போனாலும் தைராய்டு அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லணும். சில ஆய்வக முறைகளில் அது தைராய்டு ரிப்போர்ட்டையே புரட்டிப் போட்டு, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும்.

நோயோடு வாழ்ந்த 26 வருஷம்

குரூப்ஸ்கயாவுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. தைராய்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் 1940-களில்தான் வந்தன. 1917-ல் லெனினோடு ரஷ்யாவுக்குத் திரும்பினார். ஆட்சி கைக்கு வந்ததும் கல்வித் துறையில் இறங்கி, முதியோர் கல்வி, நூலகங்கள் என்று ஓய்வில்லாமல் வேலை. அதே நூலகங்களிலிருந்து, ஆட்சிக்கு ஆகாதவை என்று புத்தகங்களை அகற்றிய உத்தரவுகளிலும் அவர் கையெழுத்து உண்டு. அதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

லெனின் படுக்கையில் விழுந்த 1922 டிசம்பரில், அவர் சொல்லச் சொல்ல ஒரு கடிதத்தை எழுதியதற்காக ஸ்டாலின் போனில் குரூப்ஸ்கயாவைக் கேவலமாகத் திட்டினார். விஷயம் தெரிந்ததும் மன்னிப்புக் கேட்கும்படி 1923 மார்ச்சில் லெனின் ஸ்டாலினுக்கு எழுதினார். ஸ்டாலினைப் பொதுச்செயலாளர் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று லெனின் சொல்லி எழுதவைத்த குறிப்பைப் பத்திரமாக வைத்திருந்து, அவர் இறந்த பின் 1924 மே மாதம் கட்சி மத்தியக் குழுவிடம் ஒப்படைத்ததும் குரூப்ஸ்கயாதான். அடுத்த வருஷம் கட்சி மாநாட்டில் ஸ்டாலினுக்கு எதிர் அணியில் நின்று பேசினார். பிறகு மெல்ல மெல்லப் பணிந்துபோனார். 1929-லிருந்து சாகும்வரை கல்வித் துறையின் துணை ஆணையர். அதிகாரம் அதிகம் இல்லாத பதவி.

அவர் மாஸ்கோவில் அந்த அறையில் உட்கார்ந்திருந்த வருஷங்களில்தான் அமெரிக்காவின் பாஸ்டனில் வேறொரு கதை தொடங்கியது. 1936 நவம்பரில் ஒரு இயற்பியல் சொற்பொழிவு. கேட்க வந்திருந்த சால் ஹெர்ட்ஸ் என்ற தைராய்டு டாக்டர், அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியும் என்று பதில் வந்தது. ஆர்தர் ராபர்ட்ஸ் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து 48 முயல்களில் சோதித்து, தைராய்டு அந்த அயோடினை இழுத்துக்கொள்கிறது என்று 1938-ல் காட்டினார்கள். 1941 மார்ச் 31 அன்று முதல் நோயாளிக்கு அதையே மருந்தாகக் கொடுத்தார் ஹெர்ட்ஸ். 1950-களின் தொடக்கத்தில் பெனடிக்ட் காசென் என்பவர் உருவாக்கிய கருவி, சுரப்பியின் மேல் வரிவரியாக நகர்ந்து அதன் படத்தைக் காகிதத்தில் புள்ளிகளாக வரைந்தது. இன்றைய தைராய்டு ஸ்கேனின் தாத்தா அதுதான்.

குரூப்ஸ்கயா அதற்கெல்லாம் முன்பே போய்விட்டார். 1939 பிப்ரவரியில் 70-வது பிறந்தநாளைக் கொண்டாடக் கூடியவர்கள் கலைந்த பிறகு கடும் வயிற்று வலி. 27-ம் தேதி மரணம். விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு இன்றுவரை ஓய்ந்தபாடில்லை, ஆனா அதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. சாம்பல் கலசம் மாஸ்கோவின் கிரெம்ளின் சுவரில் வைக்கப்பட்டது. அதைத் தூக்கி வந்தவர்களில் ஸ்டாலினும் ஒருவர்.